பதிவேட்டில் எஞ்சிய பெயர்கள்: கண்டிச் சீமைத் தமிழரின் முன்னோரும் மனநோய் வைத்தியசாலை ஏடுகளும்

மன்னர்க்குக் குலமுறை உரைப்பார் எக்காலத்தும் உளர். மக்களுக்குக் குலமுறை உரைப்பாரைக் காண்பது அரிது. கண்டி மாநகரின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். 1739ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் மரபினர் கண்டி அரியணை ஏறினர். அம்மரபின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். 1816ஆம் ஆண்டிற் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையை அடைந்தான். 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தான். அவனுடைய தேவியர், சுற்றத்தார், வழித்தோன்றல் ஆகியோர் பற்றிய செய்திகள் அரசாங்கக் கடிதங்களிலும் உபகாரச் சம்பளக் கணக்குகளிலும் இடம்பெற்றன. சிறைப்பட்ட மன்னனின் குடும்பமும் ஏட்டில் நிலைபெற்று விட்டது.

மன்னன் கடல் கடந்து சென்ற சில ஆண்டுகளின் பின்னர், அதே கடலை எதிர்த்திசையிற் கடந்து கண்டிச் சீமைக்கு வந்தோர் பல்லாயிரவர். 1820களிற் கம்பளை, கன்னொறுவை முதலிய இடங்களிற் கோப்பிச் செய்கை தொடங்கிய காலம் முதலாகத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே கால்நடையாக நடந்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வழியில் வாந்திபேதியால் மடிந்தோர் பெயரை எழுதி வைத்தவர் எவருமிலர். எஞ்சிப் பிழைத்தவர் பெயரும் கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்றோலிலும் ஒரு வரியாகவே இருந்தது. அந்த வரியிலும் அவர் உழைத்த நாளும் பட்ட கடனும் கண்டனவேயன்றி, அவர் இன்னார் மகன், இன்ன ஊரினர் என்பது அருமையாகவே கண்டது.

ஆதலின், இம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடப் புகும்போது அரண்மனை ஏடோ கோயிற் சாசனமோ துணைக்கு வாரா. யாழ்ப்பாணத்தார்க்கு ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகள் உள. தோட்டத் தொழிலாளிக்கு நிலமில்லை, எனவே தோம்புமில்லை. அரசாங்கம் அவனை விரிவாக எழுதிக் கொண்ட தருணங்கள் சிலவே. அவன் குற்றஞ் சாட்டப்பட்டபோது எழுதியது; நோயுற்றபோது எழுதியது; சித்தம் தடுமாறியபோதும் எழுதியது. இவற்றுள் இறுதியிற் கூறிய ஏடுகளே மிகவும் அஞ்சி ஒதுக்கப்படுவன. அவை சொல்வன யாவை, சொல்லாதன யாவை, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லறை பெற்றவரும் பெறாதவரும்

கண்டித் தலதா மாளிகையின் பின்புறத்தே ஆங்கிலப் படையினர்க்குரிய பழைய இடுகாடு ஒன்றுண்டு. 1824ஆம் ஆண்டில் மறைந்த சேர் ஜோன் டொயிலி முதலாகப் பலர் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளின் வாசகங்களைத் திரட்டி, இறந்தோரின் வரலாற்றுக் குறிப்புகளோடு 1913ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். காய்ச்சலால் இறந்த இளந்துரையின் பிறந்த ஊரும் தந்தை பெயரும் அந்நூலிற் காணக் கிடைக்கும். அத்துரையின் தோட்டத்தைக் காடு வெட்டித் திருத்திய தொழிலாளியோ, தோட்டத்து ஓரத்திற் புதைக்கப்பட்டான். அவன் தலைமாட்டில் நட்ட கல்லில் எழுத்தில்லை.

கடல் கடந்த தமிழர் அனைவர்க்கும் நிலை இவ்வாறே இருந்ததென்று கருதுதல் கூடாது. பீஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஒவ்வொருவர்க்கும் குடிபெயர்வுச் சீட்டு ஒன்று எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியன அதிற் குறிக்கப்பட்டன. அதனால் இன்றும் பீஜித் தமிழர் ஒருவர் தம் பாட்டனாரின் கிராமத்தைத் தேடிச் சென்றடைதல் இயலும். இலங்கைக்கு வந்தோர் கங்காணி முறையில் வந்தவராதலால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய தனிச்சீட்டு அவர்க்கு வாய்க்கவில்லை. வழி அண்மையது, வருவதும் போவதும் எளிது என்பதே அதற்குக் காரணம். அண்மையிலிருந்து வந்தவனே ஏட்டில் மிகவும் மங்கிப் போனான்.

இலங்கையிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பொதுவிதியாயிற்று. முறையான முதற் குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. ஆயினும், தோட்டத்திற் பிறந்த குழந்தை பதிவாளரைச் சென்றடைவதற்குத் துரையின் கவனமும் கங்காணியின் கருணையும் வேண்டியிருந்தன. இந்நிலையில், ஒருவனைப் பற்றி அரைப்பக்கமேனும் எழுதப்பட்ட ஏடு கிடைக்குமாயின் அதனை இகழ்ந்து தள்ளுதல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று.

போகம்பறையிலிருந்து பொரளை வரை

இலங்கையிற் சித்தம் தடுமாறியோர்க்கென முதலில் தனி இல்லம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திற் குட்டநோயாளர்க்கென எழுந்த ஹெந்தளை வைத்தியசாலையிலேயே அவரும் அடைக்கப்பட்டனர். 1839ஆம் ஆண்டில் அவர்களைக் காவலில் வைப்பது பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. 1847ஆம் ஆண்டிற் பொரளையில் ஒரு பைத்தியசாலை திறக்கப்பட்டது. இடம் போதாமையால் 1880களிற் கறுவாத் தோட்டத்திற் புதிய கட்டடங்கள் எழுந்தன. அவையும் நிரம்பிய பின், 1926ஆம் ஆண்டில் அங்கொடையிற் பெரிய வைத்தியசாலை அமைந்தது. 1930களின் பிற்பகுதியில், இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலைத் தலைவராகிய எட்வர்ட் மாப்பதர் இலங்கைக்கு வரவழைக்கப்பட்டு, இங்கே மனநோயாளர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். அங்கொடையின் நெரிசல் அவரால் வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. அந்நிலையமே இன்று தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயரோடு விளங்குகிறது.

கண்டியிற் சிறைச்சாலை இருந்தது, வைத்தியசாலை இருந்தது, நீதிமன்றும் கச்சேரியும் இருந்தன. ஆயினும், சித்தம் தடுமாறியோர்க்குரிய பெரிய இல்லம் எஞ்ஞான்றும் கொழும்பைச் சார்ந்தே இருந்தது. மலைநாட்டு நோயாளி கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டி இறங்க வேண்டியவனானான். 1867ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடையும் முன்னர் அவன் சென்றது வண்டிப் பாதையில். அதன் பின்னர் இருப்புப் பாதையில். அவன் குடும்பத்தார்க்கோ ஒரு நாட் கூலியை இழந்து, துரையிடம் விடைபெற்று, புகையிரதக் கட்டணமும் கொடுத்துச் சென்று பார்த்தல் எளிதாயிருக்கவில்லை. “கொழும்புக்குக் கொண்டு போனார்கள்” என்னும் சொல் பல குடும்பக் கதைகளுக்கு முற்றுப்புள்ளியாக அமைந்தமைக்கு இத்தூரமே காரணம். நாளடைவில் “அங்கொடை” என்னும் ஊர்ப்பெயர், தமிழகத்திற் “கீழ்ப்பாக்கம்” ஆனதைப் போன்றே, ஏளனச் சொல்லாகவும் வழங்கலாயிற்று.

இத்தகைய இல்லங்களைப் பற்றி இவ்வளவு எழுத்துச் சான்று தோன்றியதற்கு ஓர் அடிமட்டப் பெண்ணின் துணிவும் காரணமாகும். ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் பைத்தியசாலையில் அடைபட்டிருந்த ஆன் பிராட் என்பாள், தான் பட்ட துன்பங்களை 1860ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரமாக வெளியிடச் செய்தாள். அதனால் விசாரணை நிகழ்ந்தது, கொடுமைகள் மெய்ப்பட்டன. அதன் விளைவாக இலண்டன் குடியேற்ற நாட்டு அமைச்சு 1863ஆம் ஆண்டிலே தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் யாவற்றுக்கும் வினாக்கொத்து அனுப்பி, வைத்தியசாலைகளும் பைத்தியசாலைகளும் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று வினவியது. ஓரிடத்தில் ஒருத்தி வாய்திறந்ததனால், நெடுந்தொலைவிலுள்ள நாடுகளின் இல்லங்களும் கணக்குக் கொடுக்க வேண்டியனவாயின.

ஏடு பிறந்த வழி

1880களிற் கண்டிப் பகுதித் தோட்டம் ஒன்றில் ஒரு தொழிலாளியின் சித்தம் தடுமாறியது எனக் கொள்வோம். அவன் பெயர் எந்தெந்த ஏடுகளிற் புகுந்திருக்கும் என்பதைக் காண்போமாயின், தேடுவோர்க்குரிய வழி தெளிவாகும்.

முதலாவது, தோட்டத்துச் செக்றோல். பெரட்டுக்களத்துக்கு அவன் வாராத நாள்கள் அதில் வெறுமையாக நிற்கும். பின்னர் அவன் பெயர் அடிக்கப்பட்டிருக்கும். அவன் தோட்டத்தை விட்டு வெளியே அலைந்தானாயின் நிலைமை வேறாகும். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றம். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டப்படி, தொழிலின்றித் திரிதலும் குற்றம். எனவே, அறிவு மயங்கி வழிமாறிச் சென்றவன் நோயாளியாகக் கருதப்படும் முன்னர்க் குற்றவாளியாகக் கருதப்பட்டிருத்தல் கூடும். தேடுவோர் பொலிஸ் நீதிமன்றப் பதிவுகளையும் சிறைப் பதிவுகளையும் காணாது விடுதல் ஆகாது.

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றின் விசாரணை ஏடு. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஒருவன் சித்த சுவாதீனமற்றவனா என்பதை மாவட்ட நீதிமன்று வைத்தியர் சான்றோடு விசாரித்து முடிவு செய்தல் வேண்டும் என விதித்தது. அச்சட்டம் திருத்தங்களோடு இருபதாம் நூற்றாண்டு கடந்தும் நிலைத்தது. நீதிமன்றில் ஒருவனைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டுமாயின், அவனை அறிந்தோர் வருதல் வேண்டும்; கங்காணியோ உறவினரோ அயலாரோ வாக்குமூலம் அளித்தல் வேண்டும். வேறெந்த ஏட்டிலும் காணாத உறவுமுறை, ஊர்ப்பெயர், குணவியல்பு ஆகியன இவ்வகை வாக்குமூலங்களிலே தோன்றுதற்கு இடமுண்டு. குலமுறை தேடுவோர்க்கு வைத்தியசாலை ஏட்டினும் நீதிமன்று ஏடு பயன்மிக்கதாதல் இதனாலேயாம்.

மூன்றாவது, வைத்தியசாலையின் அனுமதி ஏடும் நோயாளர் குறிப்பும். நான்காவது, மரணப் பதிவு. இறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படும். கண்டித் தோட்டத்தில் வாழ்ந்து கொழும்பில் இறந்தவனின் மரணச் சான்று கொழும்புப் பதிவேட்டிலேதான் இருக்கும். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பதிவேடுகளை எத்துணைப் புரட்டினும் அகப்படாத பெயர் அங்கே அகப்படலாம். குடும்பம் இருக்கும் இடத்தை விடுத்து, உயிர் பிரிந்த இடத்தைத் தேடுக என்பது இத்துறையில் முதற்பாடம்.

ஐந்தாவது, அரசாங்கத்தின் ஆண்டறிக்கைகள். இவற்றில் தனியாள் பெயர் காணப்படாது. தொகை மட்டுமே காணப்படும். எனினும், தனியாள் ஏட்டைப் புரிந்து கொள்வதற்கு அக்காலத்து நெரிசல், உணவு, இறப்பு ஆகியவை பற்றிய அறிவு வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடம் இத்தகைய அரசாங்க ஆவணங்களைப் பேணி வருகின்றது. இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இலங்கைத் தேசாதிபதிகள் அனுப்பிய கடிதங்கள் ஒரு தனிவரிசையாக உள. சென்னையிலே 1794ஆம் ஆண்டிற் பைத்தியசாலை தோன்றியது. 1871ஆம் ஆண்டிற் கீழ்ப்பாக்கம் இல்லம் எழுந்தது. பிரித்தானிய இந்தியாவின் பைத்தியசாலை ஆண்டறிக்கைகள் பலவற்றை ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகம் மின்வடிவில் எவரும் படிக்க வைத்துள்ளது. தாய்நாட்டுக்கே திருப்பி அழைத்துச் செல்லப்பட்ட நோயாளியைத் தேடுவோர் இவற்றையும் நோக்குதல் நன்று.

ஏட்டை ஐயுறுதல்

எழுதப்பட்டது என்பதனால் ஒன்று மெய்யாகி விடாது. பைத்தியசாலை ஏட்டை எழுதியவர் அதிகாரி, எழுதப்பட்டவர் அடைபட்டவர். இவ்விருவர்க்குமிடையே மொழியும் இனமும் வர்க்கமும் மலைபோல் நின்றன. ஆதலால் அதன் ஒவ்வொரு நிரலையும் ஐயுற்றே படித்தல் வேண்டும்.

முதலில் பெயர் நிரல். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்பதில்லை. தந்தை பெயரே முன்னொட்டு. ஆங்கில எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினர். முத்துசாமி என்னும் ஒரே பெயர் பல்வேறு எழுத்துக் கூட்டல்களில் வருதல் உண்டு. அக்காலத் துரைமார் ஆண் தொழிலாளி எவனையும் ‘இராமசாமி’ என்றும், பெண் எவளையும் ‘மீனாட்சி’ என்றும் பொதுப்படச் சுட்டும் வழக்கமும் இருந்தது. எனவே, ஏட்டிற் காணும் இராமசாமி உண்மையில் இராமசாமிதானா என்று கேட்டல் வேண்டும். தோட்டத்துக்கும் பெயர் இரண்டு; துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. ஆண்டுதோறும் வெளிவந்த பேர்கியூசன் தகவற் கொத்துத் தோட்டங்களையும் அவற்றின் உடைமையாளரையும் நிரற்படுத்தியது. அதனையும் ஊர்முதியோர் வாய்மொழியையும் ஒப்புநோக்கிய பின்னரே தோட்டத்தை உறுதி செய்தல் தகும்.

அடுத்து இன நிரல். குடிசன மதிப்பில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் 1911ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாகப் பிரித்துக் கணக்கிடப்பட்டனர். அதற்கு முற்பட்ட ஏட்டில் ‘தமிழர்’ என்னும் சொல்லைக் கண்டு, அவர் யாழ்ப்பாணத்தவரா தோட்டத்தவரா என்று முடிபு கட்டுதல் இயலாது.

மூன்றாவது, நோய்க் காரண நிரல். இதுவே மிகவும் மயக்கந் தருவது. இந்தியப் பைத்தியசாலை ஏடுகளிற் கஞ்சாவே காரணம் என்னும் குறிப்பு மலிந்து கிடந்தது. 1893-94ஆம் ஆண்டுகளில் இந்தியக் கஞ்சா ஆணைக்குழு இதனை ஆராயப் புகுந்தது. 1892ஆம் ஆண்டு அனுமதிக்கப்பட்டோருள் 222 பேர்க்குக் கஞ்சாவே காரணம் என ஏடுகள் கூறின. ஒவ்வொருவர் வரலாற்றையும் துருவி விசாரித்தபோது, 98 பேரளவிலேயே அக்காரணத்தைப் பொருத்தமானதெனக் கொள்ள முடிந்தது. அனுப்பிய பொலிஸ் அதிகாரி படிவத்தில் ஓர் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தமையாற் கேட்டறிந்த ஏதோவொன்றை எழுதி விடுத்தார். வைத்தியர் அதனை அப்படியே பெயர்த்தெழுதினார். நூறாண்டு கழித்து அவ்வரியைப் படிக்கும் பேரன், தன் பாட்டனார் கஞ்சாக் குடியர் என்று நாணுவானாயின், அந்நாணம் ஓர் எழுத்தரின் சோம்பலுக்கு அவன் செலுத்தும் வரியேயாகும்.

நான்காவது, நடத்தை பற்றிய குறிப்பு. “பொருளின்றிப் பிதற்றுகிறான்” என்னும் குறிப்பைக் காணும்போது, கேட்டவர்க்குத் தமிழ் தெரியுமா என்னும் வினா எழுதல் இயல்பு. தோட்டத்திலே அந்நிலைமைக்கு வேறு பெயர் இருந்தது. முனி அடித்தது என்பர். பேய் பிடித்தது என்பர். சாமி வந்தது என்பர். உடுக்கடித்துப் பாடிப் பேயோட்டினர், குலதெய்வத்துக்கு நேர்ந்தனர். சித்தப் பிணி தீர்க்கும் தலமெனப் பெயர் பெற்ற குணசீலம், தோட்டத்தார் பலரின் தாயகமாகிய திருச்சிராப்பள்ளிச் சீமையிலேயே உளது. குடும்பத்தின் வாய்மொழி ‘முனி’ என்று கூறுவதும், அரசாங்க ஏடு ஆங்கில நோய்ப்பெயர் ஒன்றைக் கூறுவதும் ஒரே மனிதரைப் பற்றியனவாக இருத்தல் கூடும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனே அம்மனிதரை அணுகுவான்.

பெண்களின் வரலாறு இன்னும் நுண்ணிதாக நோக்கத் தக்கது. பிள்ளைப்பேற்றை அடுத்து வரும் சித்தக் கலக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏடுகளில் ஒரு தனி வகையாகவே குறிக்கப்பட்டது. கணவன் பெயராலோ பிள்ளை பெயராலோ அறியப்பட்ட பெண்ணின் சொந்தப் பெயர், இத்தகைய ஏடு ஒன்றிலன்றி வேறெங்கும் எழுதப்படாது போயிருத்தலும் நிகழக் கூடியதே.

குருதியின் மீது பழியேற்றுதல்

மனநோயுற்ற முன்னோரைக் குடும்பங்கள் மறைத்தமைக்கு ஏளனம் மட்டும் காரணமன்று, அச்சமும் காரணமாகும். அந்நோய் குருதி வழியே தொடரும், மகளுக்கு மணம் அமையாது என்னும் அச்சம் லயத்திலும் மாளிகையிலும் ஒப்பவே இருந்தது. அக்கால மருத்துவமே பரம்பரைக் கோட்பாட்டை மிகைபடக் கூறி இவ்வச்சத்தை வளர்த்தது.

ஆயின், பழைய பைத்தியசாலைகளில் இருந்தோர் பலருடைய நோயின் வேர் உடலிலேயே இருந்தமை பின்னர்த் தெளிவாயிற்று. ஐரோப்பியப் பைத்தியசாலைகளை நிரப்பிய ஒருவகை வாதம் மேகநோயின் விளைவு என்பதனை, நோகுச்சி, மூர் என்னும் அறிஞர் இருவர் 1913ஆம் ஆண்டில் மூளையிலேயே அந்நோய்க் கிருமியைக் கண்டு நிறுவினர். அமெரிக்காவின் தென்மாநிலப் பைத்தியசாலைகளில் மலிந்திருந்த பெலக்ரா என்னும் நோய், சத்தற்ற உணவால் வருவதென்று கோல்ட்பேகர் என்னும் வைத்தியர் 1914ஆம் ஆண்டினை அடுத்துக் காட்டினார். கண்டித் தோட்டங்களிலும் மலைக்காய்ச்சல், கொளுக்கிப் புழு, இரத்தமின்மை, அரைவயிற்று உணவு ஆகியவை நிலவிய காலம் அது. கடுங்காய்ச்சலிற் பிதற்றுவோனும் சித்தம் கெட்டவன் எனத் தோன்றுவான். ஆதலால் ஏட்டில் ஒருவர் பெயரைக் கண்ட அளவில் அவர் குருதியின் மீது பழியேற்றுதல் அறிவுடைமையாகாது. பசியும் சுரமும் எழுதிய எழுத்தைப் பரம்பரை எழுதியதாகப் படித்தல் பெரும் பிழையாகும்.

தந்தையின் சான்று கேட்ட சட்டம்

முன்னோரைத் தேடுதல் ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு எனக் கருதுவார் உளர். மலையகத் தமிழர்க்கு அது வாழ்வுப் பிரச்சினையாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவராதல் வேண்டும். பிறப்பைப் பதியாது விட்டவர் எவராயினும், சான்று காட்ட வேண்டிய பொறுப்பு ஏழைத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற ஒரு வாயிலைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னர், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது விதி. சுமார் 8,25,000 பேர் விண்ணப்பத்தில் அடங்கினர். குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

காகிதமில்லாத குற்றத்தினால் எஞ்சியோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. விடுபட்ட 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை பாதி பாதியாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே இந்நீண்ட துயர்க்குப் பெருமளவில் முடிவு நேர்ந்தது.

இப்பின்னணியிலே, தந்தை ‘கொழும்புக்குக் கொண்டு போகப்பட்ட’ ஒரு மகனின் நிலையைச் சிந்தித்தல் வேண்டும். அவன் தந்தையின் பிறப்புப் பதியப்படவில்லை. இறப்போ தொலைவிலுள்ள பதிவேட்டில், மாறிய எழுத்துக் கூட்டலில், எவரும் தேடாத பக்கத்தில் கிடந்தது. சான்று இருந்தது; அது இருக்குமிடம் அறியாமையால் இல்லாததாயிற்று. நாணத்தால் மறைத்த பெயர், உரிமை கேட்கும் நாளில் உதவாது போயிற்று. பைத்தியசாலை ஏட்டைக் குடும்பத்தின் இழுக்காகவே கண்டமையால் நேர்ந்த இழப்பு, உணர்வின் அளவோடு நின்றதன்று.

தேடுவோர்க்குச் சில வரம்புகள்

இவ்வேடுகளை எவரும் எவ்வாறும் திறந்து படிக்கலாம் என்பது இதனாற் பெறப்படாது. நோயாளி தன் துயரைத் தெருவிற் காட்ட எழுதுவித்தானல்லன். இங்கிலாந்திற் பைத்தியசாலை நோயாளர் குறிப்புகளை நூறாண்டு வரை பொதுப்பார்வைக்கு விடாது மூடி வைத்தல் வழக்கம். 1846 முதல் 1912 வரையுள்ள அனுமதிப் பதிவேடுகள் அங்கே ஆராய்வோர்க்குத் திறந்துள்ளன. இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்து மூலச் சம்மதமின்றி வெளிப்படுத்துதல் வேண்டியதில்லை என விலக்களிக்கிறது. வாழ்வோரின் அந்தரங்கம் காக்கப்படுதல் முறையே.

ஆகவே, தேடுவோர் படிமுறையைக் கைக்கொள்ளுதல் நன்று. முதலில் வீட்டு முதியோரிடம் கேட்டுப் பெயர், தோட்டம், கங்காணி பெயர், தாயக ஊர், புயலோ பஞ்சமோ பெருங்காய்ச்சலோ நிகழ்ந்த ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கொள்க. முதியோர் மறைந்தால் அவ்வேடு மீளாது. அரசாங்க ஏடு சிறிது காலம் பொறுத்திருக்கும். இரண்டாவதாக, பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கண்டியிலும் கொழும்பிலும் தேடுக. மூன்றாவதாக, கண்டி நீதிமன்றுப் பதிவுகளையும் சுவடிக்கூடத்து ஆவணங்களையும் நாடுக. ஈற்றிலேயே மருத்துவ ஏட்டை உரியவர் அனுமதியோடு கேட்க. கிடைத்ததனைக் குடும்பத்தார்க்கு முதலிற் கூறி, அவர் இசைந்த அளவே வெளியிடுக.

பைத்தியசாலை ஏடு கண்ணாடியன்று; அதிகாரியின் கைவிளக்கு. அவன் நீட்டிய பக்கம் மட்டும் ஒளி பெறும். ஏனையது இருளிற் கிடக்கும். ஆயினும், வேறு விளக்கே இல்லாத வழியில் அவ்வொளியையும் வேண்டாமென்று அவித்து விடுதல் பேதைமை. வயதும் உயரமும் தழும்பும் தந்தை பெயரும் குறித்த அந்த அரைப்பக்கத்தில், மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்து, மலையிற் கோப்பியும் தேயிலையும் நட்டு, ஈற்றிற் சித்தம் கலங்கிய ஒரு மனிதர் நின்று கொண்டிருக்கிறார். அவருக்குக் கல்லறை வைக்க இயலாது. இடுகாடு எதுவென்று அறியோம். அவர் பெயரைச் செம்மையாக எழுதி, இன்னார் மகன், இன்னார் தந்தை என்று குடும்பத்தின் முறைவரிசையில் உரிய இடத்தில் வைத்தல் இயலும். ஆண்டுதோறும் பிதிர்க்கடன் செய்யும் மரபினர் நாம். பெயர் சொல்லி அழைக்கப்படாத முன்னோர்க்கு நீர் சொரிவதற்கு முதற்படி, அவர் பெயரை நாணமின்றி உரைத்தலேயாகும்.